நாற்பத்து மூன்றாவது சட்டை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவின் மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பை முதல் வரியிலேயே விசாரிக்கச் சொன்னாள் அம்மா. மூன்றாவது வரிக்குப் போய்விட்டது, அவளிடம் சொல்லாதே. நீ எப்படி இருக்கிறாய்?

இனி என் செய்தி. அவசரத்தில் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இன்று காலை தையற்கடையில் பேட்டர்ன் வெட்டப் பழைய செய்தித்தாளை விரித்தேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றாலும் படிப்பு நிற்காததற்கு இந்தப் பேட்டர்ன் தாள்கள்தான் காரணம் என்று உனக்குத் தெரியும். அதில் பெரிய எழுத்தில் போலீஸ் சட்டம் பற்றிப் போட்டிருந்தது. நாடு முழுக்க ஒரே போலீஸ், ஒரே தலைமையகம் என்பது இனிமேல் இல்லையாம். ஊருக்கு ஊர் தனிப் போலீஸ், நகர சபைக்குப் பதில் சொல்லும் போலீஸ். எல்லையும் உளவும் மட்டும் தலைநகரில் இருக்குமாம். ஏன் என்று படிக்கப் போனால் அந்த இடத்தில் மாஸ்டர் ஏற்கெனவே சட்டைக் கழுத்துக்கு வட்டம் வெட்டியிருந்தார்.

"மாஸ்டர், அந்தத் துண்டு எங்க?"

"எந்தத் துண்டு பாப்பா?"

"வட்டமா வெட்டினீங்களே, அது."

"அதுலதான் இப்ப வடையை வச்சுத் தின்னேன்."

எண்ணெயாகிவிட்ட துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். போன வருஷம் துறைமுகத்தில் எண்ணெய்க் கிடங்கு எரிந்தது அல்லவா? அங்கிருந்த போலீஸ்காரர் ஒருவர் மூன்று நாள் முன்பே சந்தேகப்பட்டுத் தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறார். சோதனை போட அனுமதி வந்தபோது கிடங்கே இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லா ஊரையும் பார்ப்பதால் நாடு பத்திரமாக இருக்காது, ஒவ்வொரு ஊரும் தன்னைத் தானே பார்த்துக்கொண்டால்தான் பத்திரம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

முதல் பதினான்கு ஊர்களில் நம் ஊரும் ஒன்று. புதுப் போலீஸ் நாற்பத்திரண்டு பேர். அவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் புதுச் சீருடை. ஸ்டேஷனுக்கு எதிரே இருப்பது நம் கடை என்பதால் எல்லாம் எங்களுக்கே.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. வெளியூரில் வேலை பார்க்கும் போலீஸ்காரர்கள் சொந்த ஊருக்குத் திரும்ப மனுப் போடலாம். கடைசி நாள் ஜூன் முப்பது. அண்ணா, நீ வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நாற்பத்து மூன்றாவது சட்டையை உனக்காக வெட்டப் போகிறேன். உடனே மனுப் போடு.

உன் தங்கை

*

ஜனவரி 27

என் ஊசிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே குளிர் அதிகம், சாப்பாடு சுமார், வேலை வழக்கம்போல. ரோந்து ஜீப்பில் தினமும் பாதித் தலைநகரைச் சுற்றுகிறேன். அம்மா மருந்தை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்.

உன் சட்டத்தைப் பற்றி இங்கேயும் பேச்சுதான். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உள்ளூர்ப் போலீஸ்காரன் ஊர்ப் பெரிய மனுஷன் வீட்டு வாசலில்தான் நிற்பான். மாமன், மச்சான், பக்கத்து வீடு என்று எல்லோருக்கும் முகம் பார்ப்பான். தெரியாத ஊருக்கு எங்களை அனுப்புவதே முகம் பார்க்காமல் வேலை செய்யத்தான். நம் நகர சபைத் தலைவரின் தங்கை மகன் பைக் ஓட்டும் லட்சணம் உனக்குத் தெரியாதா? அவனை உள்ளூர்க்காரன் நிறுத்துவானா? நிறுத்தினால் எழுது, பார்க்கலாம்.

சட்டை வெட்டுவதில் அவசரப்படாதே. துணி வீணாகும்.

நீ யாரோடாவது பேசுகிறாயா, இன்னும் திரைக்குப் பின்னால்தானா?

அண்ணன்

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா மருந்து சாப்பிடுகிறாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. நீ குளிருக்குக் கம்பளி போடு.

திரைக்குப் பின்னால்தான். ஆனால் திரைக்குப் பின்னால் இருந்தே இந்த ஊர்ப் போலீஸ் முழுவதையும் எனக்குத் தெரியும். மூன்று நாளாக அளவெடுப்பு. மாஸ்டர் டேப்பைப் பிடித்து எண்ணைக் கத்துவார், நான் திரைக்கு இந்தப் பக்கம் அளவு நோட்டில் எழுதுவேன். யாருக்கும் என் முகம் தெரியாது, எனக்கு அவர்கள் இடுப்பு தெரியும்.

"வயித்தை இழுக்காதீங்க சார்."

"இழுக்கலையே."

"மூச்சு விடாம பேசுறீங்களே, அதான் கேட்டேன்."

"நீ எழுது, முப்பத்தாறு."

"பாப்பா, நாப்பதுன்னு போட்டுக்க. சார் எப்பவாவது மூச்சு விட்டுத்தானே ஆகணும்."

எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். ஒருவர் பஸ் ஓட்டியவர், ஒருவர் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர், இரண்டு பேர் பழைய போலீஸ். ஒருவருக்குக் கை முழங்கால்வரை வருகிறது, அவருக்கு நீளக்கை என்று பெயர் வைத்திருக்கிறேன். ஸ்டேஷன் தலைமைக்கு ஒரு மேடம் வந்திருக்கிறார். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவரின் மகள், பழைய போலீஸில் பன்னிரண்டு வருஷம் எங்கெங்கோ இருந்துவிட்டு மனுப் போட்டு வந்தவர். அளவு கொடுக்கும்போது அவர் கேட்டார், "திரைக்குப் பின்னாடி யாரு? நம்பரைத் திருப்பிக்கூடச் சொல்ல மாட்டேங்குதே."

மாஸ்டர் சொன்னார், "அதுக்கு வாய் கையில இருக்கு மேடம்."

காஜா எடுக்கும் மெஷின் இரண்டாம் நாளே பழுதாகிவிட்டது. அதனால் எல்லாச் சட்டைக்கும் பட்டன் துளையைக் கையாலேயே எடுக்கிறேன். சட்டைக்கு ஏழு. விரல் நுனி மரத்துப்போனாலும் மனசுக்குள் திருவிழாதான். ஊருக்கே நான் தைத்த உடுப்பு.

உன் அளவை அனுப்பு. மனுவைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே.

உன் தங்கை

*

மார்ச் 6

ஊசிக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை. நீ கேட்ட அளவு: மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்திரண்டரை, தோள் பதினேழே கால், கை இருபத்து நாலு, பேண்ட் உயரம் நாற்பத்தொன்றரை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று எழுதத் தொடங்கினேன், பேனா ஓடவில்லை.

அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷம் முன்பு நீ வேலைக்குப் போகும்போது மாஸ்டர் எடுத்த அளவு அதில் இருக்கிறது. மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்திரண்டரை, தோள் பதினேழே கால். கால் அங்குலம்கூட மாறவில்லை. அண்ணா, இருபத்திரண்டு வயசில் போனவனுக்கு இருபத்தாறில் அதே இடுப்பு இருந்தால் அது உடம்பு இல்லை, மனப்பாடம். சோம்பேறித்தனமாக நினைவிலிருந்து எழுதிவிட்டாய். உன் பழைய சீருடை ஒரு ஜோடி அனுப்பு. அதை வைத்து வெட்டிக்கொள்கிறேன். அம்மாவும் இதைத்தான் சொல்கிறாள்.

இப்போது நீ கேட்ட பைக் கதை. புதுப் போலீஸ் சீருடை போட்ட ஐந்தாம் நாள். தலைவரின் தங்கை மகன் சந்தைத் தெருவில் பறந்து வந்தான். நீளக்கை நடுத்தெருவில் நின்று கையை நீட்டினார். அந்தக் கைக்குத் தெருவே அடைபட்டுப்போகும். பையன் இறங்கி, "நான் யாருன்னு தெரியுமா?" என்றான்.

நீளக்கை சொன்னார், "தெரியாம என்னடா. உனக்கு ரெண்டாங்கிளாஸ்ல தினமும் மூக்கு துடைச்சுவிட்டதே நான்தான். வண்டிய ஓரமா நிறுத்து."

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர் அவர்தான். தெருவே சிரித்துவிட்டது. பிறகு தலைவர் ஸ்டேஷனுக்கு வந்தார். மேடம், "உக்காருங்க, உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க" என்றாராம். எங்கள் கடை வாசலிலிருந்து மாஸ்டர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு பாக்கெட்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டார். தலைவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். எதிரே ஊர் முழுக்கப் பார்க்கிறது, எழுந்து போகவும் முடியவில்லை. பையன் அபராதம் கட்டினான்.

தெரிந்தவன் முகம் பார்ப்பான் என்கிறாய். தெரிந்தவன் எதிரே தப்பு செய்யத்தான் வெட்கமாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சீருடையை மறக்காதே.

உன் தங்கை

*

ஏப்ரல் 2

ஊசிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான் மூச்சு முட்டுகிறது. அம்மா சொன்னதால் பழைய ஜோடியை அனுப்புகிறேன். துவைத்துப் பெட்டி போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். அளவு எடுத்தபின் தூக்கிப் போட்டுவிடு, திருப்பி அனுப்ப வேண்டாம்.

பைக் கதையை இங்கே நாலு பேரிடம் சொன்னேன். சிரித்தார்கள். ஒருவர் உன் ஊருக்கு மனுப் போடலாமா என்று கேட்டார்.

அண்ணன்

*

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அம்மா நலம், நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. நேற்று நடந்ததை முதலில் சொல்கிறேன்.

மாஸ்டர் நூல் வாங்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். சாம்பல் சீருடை, நெஞ்சில் நம் ஊர் முத்திரை. மேல் பட்டன் தொங்கியது.

"இதைக் கொஞ்சம் தச்சுத் தாம்மா, அவசரமா போகணும்."

திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டினேன். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார். நான் ஊசியில் நூல் கோத்தேன். பட்டன் துளையைப் பார்த்தேன். மெஷின் காஜா.

அண்ணா, இந்த ஊரில் நாற்பத்திரண்டு சட்டை, இருநூற்றுத் தொண்ணூற்று நாலு துளை. எல்லாம் என் கை. இது என் கை இல்லை. தோளை அளந்து பார்த்தேன், பதினெட்டரை. அளவு நோட்டைப் புரட்டினேன். பதினெட்டரைத் தோள் இந்த ஊர்ப் போலீஸில் யாருக்கும் இல்லை.

பட்டனைத் தைத்தேன். அவ்வளவு மெதுவாக நான் பட்டன் தைத்ததே இல்லை. தைக்கும்போது யோசித்தேன். யோசித்துக்கொண்டே சொன்னேன், என் குரலே எனக்குப் புதுசாக இருந்தது.

"சார், காலர்லயும் பிரிஞ்சிருக்கு. கால் மணி ஆகும்."

"சீக்கிரம்மா."

பின்வாசல் வழியாக ஸ்டேஷனுக்கு ஓடினேன். மேடம் மேஜைக்கு எதிரே போய் நின்றதும் இருந்த குரலும் போய்விட்டது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. "என்னம்மா, யாரு நீ?" என்கிறார். நாலு போலீஸ்காரர்கள் என்னையே பார்க்கிறார்கள். நாலு பேரின் இடுப்பும் எனக்குத் தெரியும், ஒருவர் கண்ணையும் பார்க்க முடியவில்லை. கையில் சாக்பீஸ் இருந்தது. மேடத்தின் மேஜையிலேயே எழுதினேன்: கடையில் ஒரு போலீஸ். அவர் போலீஸ் இல்லை. சட்டை எங்களுடையது இல்லை.

மேடம் ஒருமுறை படித்தார். யாருக்கும் போன் போடவில்லை, யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, "நீளக்கை, முன்வாசல். மத்தவங்க என்கூட" என்றார். நான் வைத்த பெயர் ஸ்டேஷன்வரை போயிருக்கிறது, மாஸ்டர்தான் சொல்லியிருப்பார்.

சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் எங்கே ஓடுவார்? பிடித்துவிட்டார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் லாட்ஜில் இன்னும் இரண்டு பேர், இன்னும் இரண்டு சட்டை. எண்ணெய் வண்டிகள் நிற்கும் யார்டின் வரைபடமும் இருந்ததாம். சீருடையோடு போனால் காவலாளி கதவைத் திறந்துவிடுவார் அல்லவா? துறைமுகத்தை எரித்த கூட்டம் என்று மேடம் சந்தேகப்படுகிறார். ஆட்களைப் பிடித்து உட்கார வைத்த பிறகுதான் தலைநகருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

மேஜையில் எழுதியதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மாஸ்டர் ஊர் முழுக்க என் பெருமையைப் பேசுகிறார். பட்டன் தைத்த கூலியை அந்த ஆள் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்.

உன் தங்கை

*

ஏப்ரல் 18

என் ஊசிக்கு,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. உன் கடிதமும் இதுவும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போகும் என்று நினைக்கிறேன்.

நேற்றுப் பகல் பன்னிரண்டே காலுக்குப் போன் மணி அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், நம் ஊர்ப் பெயரைச் சொல்லி, போலி போலீஸ் மூன்று பேர் பிடிபட்டார்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றது. எழுதினேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எதிர்த்த கடைத் தையல்கார பொண்ணு பட்டன் துளையைப் பாத்துக் கண்டுபிடிச்சுது" என்றது அந்தக் குரல். பேனா என் கையிலிருந்து விழுந்துவிட்டது. "ஹலோ, இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார்.

இரண்டு வருஷம் முன்பாக இருந்தால் இது எப்படிப் போயிருக்கும் தெரியுமா? நீ சொல்லியிருந்தால் நம் ஊரைத் தெரியாத ஓர் இன்ஸ்பெக்டர் சிரித்திருப்பார். சிரிக்காவிட்டால் எங்களுக்கு எழுதியிருப்பார். நாங்கள் கோப்பில் வைத்து மேலே அனுப்பியிருப்போம். அது கீழே வரும்போது யார்டு எரிந்து முடிந்திருக்கும். நான் நினைத்தது தப்பு. எழுதியே கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

அறை முழுக்க என் தங்கை, என் தங்கை என்று சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

அண்ணன்

*

மே 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம்.

போனை நீ எடுத்ததாக எழுதியிருந்தாய். பகல் பன்னிரண்டே காலுக்கு. நீ ரோந்து ஜீப்பில் இருப்பதாக அல்லவா நினைத்திருந்தேன்.

நாற்பத்து மூன்றாவது சீருடை தைத்து முடிந்தது. இத்துடன் அனுப்புகிறேன். ஒன்றிரண்டு இடத்தில் வழக்கமான வெட்டிலிருந்து மாற்றியிருக்கிறேன். போட்டுப் பார். பிடிக்காவிட்டால் பிரித்துக்கொள்ளலாம்.

வேறு என்ன எழுதுவது? ஜூன் முப்பதுக்கு இன்னும் ஐம்பத்து மூன்று நாள் இருக்கிறது.

உன் தங்கை

*

ஜூன் 3

என் ஊசிக்கு,

பதினைந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டையைப் போட்டேன். வலது கக்கத்தில் உள்ளே இரட்டைத் துணி, பஞ்சு வைத்து மெத்தென்று. பேண்டில் இடது கால் முக்கால் அங்குலம் குட்டை. கண்ணாடி முன் நின்றேன். ஒரு வருஷத்துக்கு மேலாக நான் மறைத்ததை நீ ஊசியால் எழுதி அனுப்பியிருக்கிறாய், ஒரு கேள்விகூடக் கேட்காமல்.

போன வருஷம் மார்ச் மாதம். ஓர் ஆலை வாசலில் கலவரம் என்று முப்பது பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முப்பது பேரில் ஒருவருக்கும் அந்த ஊர் தெரியாது. கூட்டம் எங்களைத் துரத்தியது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். நான் ஒரு சந்துக்குள் ஓடினேன். அது முட்டுச்சந்து. சுவரில் ஏறினேன், சுவர் என்னோடு சேர்ந்து சரிந்தது. இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. விழுந்து கிடந்தபோது ஓர் அம்மா கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். "எந்த ஊருப்பா நீ? இந்தச் சந்து அடைப்புன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியுமே" என்றார். எங்களைக் கண்டு அந்த ஊருக்குப் பயம், ஊரைக் கண்டு எங்களுக்குப் பயம். யாரைக் குறை சொல்வது?

கால் சரியாகச் சேரவில்லை. கக்கத்தில் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. அப்போதிலிருந்து போன் அறையில் இருக்கிறேன். ஜீப் எல்லாம் பொய். லீவு கிடைக்கவில்லை என்றதும் பொய்.

மனுப் படிவத்தில் மருத்துவச் சான்று கேட்கிறார்கள், நூறு மீட்டர் ஓட வேண்டும். அந்தக் காகிதத்தை நீட்டினால் நம் ஊரில் எடுக்க மாட்டார்கள், இங்கேயும் இருக்கும் இடம் போகும். அதைவிட, நம் தெருவில் பஸ்ஸிலிருந்து இப்படி இறங்க எனக்கு மனசு வரவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

சட்டை கச்சிதமாக இருக்கிறது. பிரிக்க மாட்டேன். ஆனால் போட்டுக்கொள்ளவும் வழியில்லை.

அண்ணன்

*

ஜூன் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. "அவன் கட்டிலை மாடியிலேர்ந்து கீழ இறக்கு" என்றாள். இறக்கியாகிவிட்டது.

நீ பேண்டின் இடது கால் மடிப்புத் தையலைப் பிரித்துவிட்டு, பெட்டி போட்டு அனுப்பினாய். நூலைப் பிரித்தாலும் ஊசித் துளை துணியில் நிற்கும் அண்ணா. கக்கத்தில் துணி தேய்ந்து வெளுத்திருந்தது. ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். சாக்பீஸ் எடுத்துப் போகவில்லை. மேடம் படித்துவிட்டுச் சொன்னார், "ஓடுறதுக்கு என்கிட்ட நாப்பத்திரண்டு பேர் இருக்காங்கம்மா. எங்க ஓடணும்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. போன் எடுக்குற பொண்ணு போன மாசம் கல்யாணமாகிப் போயிடுச்சு. இப்ப ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுக்குறோம், தப்புத் தப்பா அனுப்புறோம்."

"அப்ப எடுத்துக்கலாமா மேடம்?"

"நான் மட்டும் சொன்னாப் பத்தாது. ஓட்டம் வேணுங்கறது பழைய தலைமையக விதி. இனிமே நம்ம ஊர் போலீஸுக்கு என்ன தகுதின்னு நகர சபைதான் முடிவு பண்ணணும். செவ்வாய்க்கிழமை கூட்டம். நீ வந்து பேசு."

நான் வந்து பேசுவதாம். அண்ணா, நான்கு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. ஒன்பது பேர், நடுவில் தலைவர், பின் வரிசையில் பாதி ஊர். தலைவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததை இன்னும் மறக்கவில்லை. மேடத்தைப் பார்க்காமலேயே கேட்டார், "கால் சரியில்லாதவரைப் போலீஸ்ல வச்சா வெளியூர்க்காரன் சிரிக்க மாட்டானா?"

பின்னாலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார், "போலி போலீஸ்னு பிடிச்சமே மூணு பேரு, அவங்களுக்கு ஆறு காலும் நல்லாத்தான் இருந்துச்சு."

சிரிப்பு அடங்கியதும் மேடம் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். எழுந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். நான் சொன்னது இவ்வளவுதான்:

"எங்கண்ணன் எட்டு வயசுலேர்ந்து இந்த ஊர்ல பேப்பர் போட்டவன். எந்தச் சந்து எங்க போய் முடியும், எது அடைப்புன்னு அவனுக்குத் தெரியும். அவன் கால் போனது ஒரு சந்து தெரியாததால. நம்ம ஆளுங்க யாருக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னா, போன்ல அவன் இருக்கணும்."

அப்புறம் எதையும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். காது அடைத்துவிட்டது. கை தூக்கச் சொன்னார்கள். மாஸ்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார், நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஆறு கை. தலைவர் காதைச் சொறிவதுபோலக் கையைத் தூக்கினார். அதையும் ஆதரவு என்றே எழுதிக்கொண்டார்கள், அவரும் மறுக்கவில்லை. ஏழு.

போன் அறைக்கு ஓட்டம் தேவையில்லை என்று இந்த ஊரின் விதி மாறிவிட்டது. ஒரு சாயங்காலத்தில். தலைநகரைக் கேட்கவே இல்லை. இந்தச் சட்டத்தை நான் எண்ணெய்த் துண்டில் படித்தபோது இது இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

புதுப் படிவத்தை உள்ளே வைத்திருக்கிறேன். மேடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்னும் பதின்மூன்று நாள். கீழே ஒரு கோடு காலியாக இருக்கிறது. அதை நான் தைக்க முடியாது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 4
காவல் நிலையத் தகவல் சீட்டு
பெறுபவர்: எதிர்த்த தையற்கடை, திரைக்குப் பின்னால்

என் ஊசிக்கு,

நீ நலம் என்று எனக்குத் தெரியும், காலையில் சண்டை போட்டோம். அம்மாவும் நலம், அந்தச் சண்டையில் உன் பக்கம் பேசினாள். இருபது அடி தூரத்துக்குக் கடிதம் எதற்கு என்று மேடம் கேட்கிறார். அலுவலகத் தாளை வீணாக்குவதாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்று தெருவே பார்க்கும் என்று பயந்தேன். பார்த்தது. நீளக்கை என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ வர்ற வரைக்கும் நான்தான் போன் எடுத்தேன், என் காது புண்ணாப் போச்சு, சீக்கிரம் நட" என்றார். அவ்வளவுதான். 

இன்று காலை ஒன்பதே பத்துக்கு ஒரு குழந்தை போன் செய்தது. அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று அழுதது. வீடு எங்கே என்றால் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போய் என்ன தெரிகிறது சொல் என்றேன். நீல கேட், உடைந்த குழாய், ஒரு சைக்கிள் கடைப் பலகை, பாதிதான் தெரிகிறது என்றது. எனக்குப் போதும். வண்டியைப் பெரிய தெரு வழியாக விடாமல் பின்சந்தில் விட்டேன். ஐந்து நிமிஷம். ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் செய்தி வந்தது. அந்த அம்மா கண் திறந்துவிட்டார்.

போனை வைத்ததும் இதை உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. ஓட முடியாது. நடந்து வந்து எதிரே நின்றாலும் எனக்குப் பேச்சு வராது என்று தெரியும். பேசத் தெரியாதவள் நீ மட்டும்தான் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

அதனால் எழுதுகிறேன். நீ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாய்.

பதில் எழுத வேண்டாம். திரையை விலக்கு. போன் மேஜையை ஜன்னல் ஓரமாகத் தள்ளிப் போட்டிருக்கிறேன். இங்கிருந்து உன் மெஷின் தெரிகிறது.

அண்ணன்